ஆரோவில் இணைந்த இருவகை வைத்தியம்

ஒரு வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் அயலார் வந்து நலம் விசாரிப்பர். கால் முறிந்தால் நால்வர் தோள்கொடுத்துத் தூக்கிச் செல்வர். ஆனால், அவ்வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டால் படலை சாத்தப்படுகிறது. பேச்சுக் குரல் தாழ்கிறது. நிச்சயமாகவிருந்த விவாகப் பேச்சும் நின்றுவிடுகிறது. நோயாளியை யாரிடம் கொண்டு செல்வது என்ற கேள்வி எழும்போது குடும்பமே இரண்டாகப் பிரிகிறது. பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பார் ஒருவர். பரம்பரைப் பரியாரியாரிடம் காட்டவேண்டும் என்பார் மற்றொருவர். இருவரும் நோயாளியின் நன்மையையே நாடுகின்றனர். ஆயினும் ஒருவர் சொல் மற்றவர் செவியில் ஏறுவதில்லை.

உலகின் எந்நாட்டிலும் எழக்கூடிய இக்கேள்விக்கு ஆபிரிக்காவின் ஓர் ஊர் 1954ஆம் ஆண்டில் ஒரு விடை தந்தது. அந்த விடை என்ன, அது எவ்வாறு தோன்றியது, எவ்வளவு காலம் நிலைத்தது, நமக்கு எதனை உணர்த்துகிறது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆபிரிக்காவைப் பற்றி நாம் மாணவருக்குச் சொல்லிக் கொடுத்தவை பெரும்பாலும் லிவிங்ஸ்ரனின் பயணமும், அடிமை வியாபாரமும், பொற்சுரங்கமுமே. அக்கண்டத்து மக்கள் தாமாகச் சிந்தித்து உலகுக்கு வழங்கிய கருத்துகளை நாம் அதிகம் எடுத்துரைத்ததில்லை. அக்குறையைச் சிறிதேனும் தீர்ப்பதற்கு இந்த வரலாறு உதவும்.

நைஜீரியா நாட்டின் தென்மேற்கே, லாகோஸ் நகருக்கு வடக்கே, ஓகுன் ஆற்றின் கரையில் அபெயொகுட்டா எனும் நகரம் உள்ளது. அது யொரூபா மக்களின் ஊர். 1830ஆம் ஆண்டளவில், உள்நாட்டுப் போர்களினால் வீடிழந்து ஓடிவந்த எக்பா மக்கள், ஒலுமோ என்னும் பெரும் பாறையின் அடியில் புகலிடம் தேடினர். அங்கே எழுந்த ஊருக்குப் ‘பாறையின் கீழ்’ என்ற பொருளில் அபெயொகுட்டா எனப் பெயரிட்டனர். அஞ்சி வந்தோருக்குப் புகலளித்த அந்த ஊரே, நூறாண்டுகளுக்குப் பின் சித்தங்கலங்கியோருக்கும் புகலிடமாயிற்று.

அதற்கு முன் நிலைமை எவ்வாறு இருந்தது? நைஜீரியாவை ஆண்ட பிரித்தானிய அரசினர் 1904ஆம் ஆண்டில் கலபாரிலும், 1907ஆம் ஆண்டில் லாகோஸை அடுத்த யாபாவிலும் பித்தர் விடுதிகளை அமைத்தனர். விடுதி என்பது பெயரளவிலேயே. தெருவில் திரிவோரையும், பிறருக்குத் தீங்கிழைக்கக் கூடும் என்று கருதப்பட்டோரையும் அடைத்து வைப்பதே அவற்றின் நோக்கம். பூட்டும் காவலும் இருந்தன. வைத்தியம் என்று சொல்லத்தக்கது அரிதாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944ஆம் ஆண்டில், அபெயொகுட்டாவின் லந்தோரோ என்னும் இடத்தில் இன்னொரு விடுதி திறக்கப்பட்டது. அந்தக் கட்டடம் அதற்கு முன் சிறைச்சாலையாக இருந்தது. கைதிகளின் இடத்தில் நோயாளிகள் வந்து சேர்ந்தனர் என்றால், அக்கால நோக்கு எத்தகையது என்பதை நேயர்கள் உணர்ந்துகொள்ளலாம்.

இவ்விடுதிகளுக்குப் பின்னால் ஒரு கருத்தும் நின்றது. ஆபிரிக்கரின் மனமே வேறுவகையானது என்பதே அக்கருத்து. கென்யா நாட்டின் மாத்தாரி உளநோய் வைத்தியசாலையைப் பல்லாண்டுகள் நிருவகித்த கறதேர்ஸ் என்னும் வைத்தியர், 1953ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வெளியீடாக ஒரு நூல் எழுதினார். மூளையின் முன்பகுதியில் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட ஐரோப்பியரின் மனநிலைக்கு ஆபிரிக்கரின் மனநிலையை அவர் அதில் ஒப்பிட்டார். உலகப் பொதுச் சபை ஒன்றின் முத்திரையோடு வந்த நூல் ஆதலின், அதன் சொல்லுக்கு மதிப்பிருந்தது. ஒரு கண்டத்து மக்கள் அனைவரின் சிந்தையையும் ஊனமுற்ற சிந்தையாகக் கருதும் இந்த நோக்கு நிலைத்துவிட்டால், அம்மக்களின் வைத்திய அறிவை எவர் பொருட்படுத்துவர்?

ஆயினும் அந்த அறிவு இருந்தது. யொரூபா மக்களிடையே மூலிகை வைத்தியரை ‘ஒனிசேகுன்’ என்பர். ‘பாபலாவோ’ என்போர் ஈபா என்னும் நிமித்த நூல் வல்லோர். ஈபாவின் 256 பகுதிகளுக்கும் உரிய பாக்களை நெட்டுருப் பண்ணி, வந்தவரின் துன்பத்துக்கு ஏற்றதைத் தேர்ந்து சொல்வது அவர்தம் தொழில். பல ஆண்டுகள் குருவின் வீட்டிலிருந்து கற்றாலன்றி ஒருவர் பாபலாவோ ஆதல் இயலாது. நம்மவர் ஏடு கற்ற முறையை இது நினைவூட்டுகின்றதன்றோ?

உளநோயாளரை ஏற்கும் வைத்தியர்களும் அவர்களுள் இருந்தனர். நோயாளி வைத்தியரின் வளவிலேயே சில மாதங்கள் தங்குவார். உறவினர் ஒருவர் உடனிருந்து சமைத்துக் கொடுப்பார். உறக்கத்தைத் தரும் வேர் மருந்து முதலிற் கொடுக்கப்படும். ஆவேசம் தணிந்தபின் வளவின் வேலைகளில் நோயாளியும் பங்குகொள்வார். பூரண சுகம் கண்டபின் அவரை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, தலை மழித்து, பலியிட்டு, நீராட்டி, உடுத்திருந்த பழைய ஆடையை ஆற்றோடு போகவிட்டுப் புத்தாடை உடுத்தி வீட்டுக்கு அனுப்புவர். நோய் நீரோடு போயிற்று. மனிதன் ஊருக்கு மீண்டான் என்பது அச்சடங்கின் கருத்து. சுகமடைந்தவரை அயலார் மீண்டும் தம்முள் ஒருவராக ஏற்பதற்கு இதைவிடத் தெளிவான அறிவிப்பு வேறென்ன வேண்டும்?

ஒருபக்கத்தை மட்டும் கூறுதல் வரலாறாகாது. அதே வளவுகளில் விலங்கும் சங்கிலியும் இருந்தன. ஆவேசமுற்றவரைக் கட்டையில் பிணித்து வைப்பது வழக்கம். அடியினால் நோய் தீரும் என்று எண்ணியோரும் இருந்தனர். மருந்தின் அளவு மிகுந்தால் நேரும் ஆபத்தை அளந்தறியும் கருவிகள் அவர்களிடம் இல்லை. உளநோயையும், மூளைக் காய்ச்சலையும், குருதியிற் கலந்த கிருமியால் வரும் பிதற்றலையும் பிரித்தறிவதும் அவர்களுக்கு எளிதன்று. ஆகவே, ஒருபுறம் வைத்தியமற்ற காவலும், மறுபுறம் அன்பும் அறிவும் கொடுமையும் கலந்த வைத்தியமுமாக நிலைமை இருந்தது. இவற்றுக்கிடையே வந்து நின்றவர் தோமஸ் அடேயோயே லம்போ.

லம்போ 1923ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 29ஆந் தேதி அபெயொகுட்டாவிலேயே பிறந்தார். அவ்வூர் பப்ரிஸ்ற் ஆண்கள் உயர்தரப் பாடசாலையிற் பயின்று, பின் இங்கிலாந்து சென்று பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் கற்றார். அதன்பின் லண்டனில் உளநோய் வைத்தியத்திற் சிறப்புப் பயிற்சி பெற்றார். மேனாட்டு முறையில் இத்துறையைப் பயின்ற முதல் நைஜீரியர்களுள் அவரும் ஒருவர்.

பிரித்தானியாவிற் கல்விகற்ற நைஜீரிய மாணவருள் மனங்கலங்கியோரை ஆராயும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. பகைவர் எவரோ தமக்குச் சூனியம் செய்துவிட்டனர் என்று அம்மாணவருட் பலர் அஞ்சினர். கேட்ட ஆங்கில வைத்தியருக்கு அது விளங்காத பிதற்றலாகவே தோன்றியது. லம்போவுக்கோ, தம் ஊர் முற்றத்திற் பலமுறை கேட்ட பேச்சாக அது இருந்தது. அந்த அச்சம் நோயாளியின் தனிப்பட்ட கற்பனையா, அல்லது அவர் வளர்ந்த சமூகத்தில் அனைவர்க்கும் பொதுவான நம்பிக்கையா என்று அறியாத வைத்தியர், நோயைச் சரியாக அளக்க இயலாது என அவர் கண்டார். நோய் எங்கும் ஒன்றே. அது பேசும் மொழிதான் ஊருக்கு ஊர் வேறு. இதுவே லம்போ தம் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய கருத்து. ஆபிரிக்கரின் மனம் வேறுவகையானது என்ற கொள்கையை அவர் கட்டுரைகளிலும் மகாநாடுகளிலும் வன்மையாக மறுத்தார்.

1954ஆம் ஆண்டில் அபெயொகுட்டாவின் புறத்தேயுள்ள ஆரோ என்னுமிடத்தில், நவீன உளநோய் வைத்தியசாலையொன்றின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால், நோயாளர் தங்கும் கட்டடங்கள் அப்பொழுது நிறைவெய்தவில்லை. நோயாளிகளோ காத்திருந்தனர். கட்டடம் முடியும்வரை வாளாவிருப்பதா? லம்போ தம்மைச் சூழ இருந்த கிராமங்களை நோக்கினார்.

வைத்தியசாலையை அடுத்து நான்கு கிராமங்கள் இருந்தன. பயிர்செய்து வாழும் யொரூபா மக்களின் சிற்றூர்கள் அவை. லம்போ அவ்வூர் மூப்பர்களைக் கண்டு பேசினார். நோயாளிகளை உங்கள் வீடுகளிற் குடியிருக்க விடுங்கள்; அதற்கு வாடகை தருவோம்; மேலதிக அறை கட்டுவதற்குக் கடனும் தருவோம்; ஊருக்கு நல்ல நீரும், மலகூடங்களும், நுளம்பை ஒழிக்கும் ஏற்பாடும் செய்வோம் என்பது உடன்பாடு. வைத்தியசாலையில் ஊரவர் சிலருக்கு வேலையும் கிடைத்தது. இதனை வெறும் தருமமாக அவர் கேட்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஊருக்கும் பயன், நோயாளிக்கும் பயன் என்ற நேர்மையான ஒப்பந்தமாகவே அதனை அமைத்தார். ஆகையால் அது ஊரவரின் மனம் புண்படாமல் நடந்தேறியது.

நோயாளிக்கு ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. உறவினர் ஒருவரேனும் கூடவே வந்து தங்கவேண்டும். தாயோ, சகோதரியோ, மனைவியோ, மாமனோ எவராயினும் சரி. அவர் சமைப்பார், துணி தோய்ப்பார், காலையில் நோயாளியை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வார். அங்கே புதிய மருந்துகளும், அக்காலத்தில் வழங்கிய மின்சாரச் சிகிச்சையும் கிடைத்தன. பிற்பகலில் இருவரும் கிராமத்துக்குத் திரும்புவர். தாதியர் ஊருக்குச் சென்று மேற்பார்வை செய்வர். மாலையில் ஊரவரின் ஆடலும் பாடலும் விளையாட்டும் இருந்தன. நோயாளியும் அவற்றிற் கலந்துகொண்டார். உயர்ந்த மதிலும் பூட்டிய கதவும் அங்கு இல்லை. அவரைச் சுற்றி இருந்தவர்கள் சந்தைக்குப் போகும் பெண்களும், சேனையிற் கிழங்கு நடும் ஆண்களும், முற்றத்தில் விளையாடும் பிள்ளைகளுமே.

இத்துடன் லம்போ நின்றுவிடவில்லை. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பெயர்பெற்ற சுதேச வைத்தியர் சிலரை அழைத்து, தம் பணியிற் பங்குகொள்ளச் செய்தார். மேனாட்டுக் கல்வி கற்றோர் சுதேச வைத்தியரோடு ஒரே திண்ணையில் அமர்வதையும் இழிவாகக் கருதிய காலம் அது. ஆயினும், இலண்டனிற் பட்டம்பெற்ற ஒருவர் அவர்களை அருகிருத்தி, நோயாளியின் குடும்ப வழக்குகளையும், அச்சங்களையும், தவறவிட்ட கடமைகளையும் பற்றி அவர்கள் கூறுவதைச் செவிமடுத்தார். நோயாளரின் கூட்டு வாழ்க்கையையும் சடங்குகளையும் நெறிப்படுத்தும் பணியை அவர்களிடம் விட்டார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இருவகை வைத்தியத்தையும் ஒரே கலயத்தில் இட்டுக் கலக்குவதாக அவர் முறை அமையவில்லை. நோயை நிதானிப்பதும், மருந்து கொடுப்பதும், உடல் நோயைத் தேடிக் காண்பதும் பயிற்சிபெற்ற வைத்தியரின் பொறுப்பாகவே இருந்தன. நோயாளியின் மனத்தில் நம்பிக்கையை ஊட்டுவதும், குடும்பத்தாரோடு அவரை இணக்குவதும், ஊரின் நடுவே அவருக்கு மீண்டும் ஓரிடம் தேடிக்கொடுப்பதும் சுதேச வைத்தியருக்கும் ஊரவருக்கும் உரியனவாயின. எவர் எதனில் வல்லவரோ அவர் அதனைச் செய்தார். இந்தப் பொறுப்புப் பங்கீடே ஆரோ முறையின் உயிர்நாடி.

நோயாளியை ஊரவர் வீட்டில் வைத்துப் பேணுதல் உலகுக்கு முற்றிலும் புதியதன்று. பெல்ஜியம் நாட்டின் கீல் என்னும் ஊரில், மத்திய காலந்தொட்டே யாத்திரைக்கு வந்த உளநோயாளரை அவ்வூர்க் குடும்பங்கள் ஏற்றுப் பேணி வந்துள்ளன. ஆனால், கீலில் நோயாளி அந்நியர் வீட்டில் விருந்தாளியாக இருந்தார். ஆரோவிலோ தம் சொந்த உறவினருடனேயே இருந்தார். நோய் நீங்கியபின் அவர் திரும்பிச் செல்லவேண்டிய இடம் எதுவோ, அந்தக் குடும்பத்தின் ஒரு பகுதி நோய்க்காலம் முழுவதும் அவருடனேயே இருந்து, அவரைப் பேணும் முறையைக் கற்றுக்கொண்டது.

சுதேச வைத்தியரின் அறிவைப் பற்றி இன்னொரு செய்தியும் கூறுதல் தகும். இது நம்முடைய பிராந்தியத்தோடும் தொடர்புடையது. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர் பித்து நோய்க்கும் உறக்கமின்மைக்கும் ஆயுர்வேதத்தில் நெடுங்காலம் பயன்பட்டது. 1931ஆம் ஆண்டில் வங்காளத்தைச் சேர்ந்த கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும் இதன் பயனை வைத்திய ஏட்டில் எழுதினர். 1952ஆம் ஆண்டில் சுவிற்சலாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் இவ்வேரிலிருந்து றெசெர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். சில ஆண்டுகளில் அது உலகின் உளநோய் வைத்தியசாலைகள் பலவற்றிலும் வழங்கலாயிற்று. அபெயொகுட்டாவிற் பணிபுரிந்த கனடா நாட்டு உளநோய் வைத்தியர் றேமண்ட் பிரின்ஸ், யொரூபா வைத்தியரின் உறக்க மருந்தை ஆராய்ந்து 1960ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டார். அவர்கள் ‘அசொபெயெஜே’ என்று அழைத்த மரத்தின் வேர், சர்ப்பகந்தாவின் இனத்தையே சேர்ந்தது! கடலுக்கு இருபுறத்தும் வாழ்ந்த மக்கள், ஒரே இனத்துச் செடியின் வேரை ஒரே நோய்க்குப் பயன்படுத்தி வந்திருக்கின்றனர். இதனைக் கேட்கும்போது வியப்பும் பெருமையும் எழுகின்றன.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. றெசெர்ப்பின் குருதி அழுத்தத்தை மிகக் குறைத்தது. சிலருக்குக் கடும் மனச்சோர்வு உண்டாயிற்று என்றும் வைத்தியர்கள் எழுதினர். அதனினும் ஏற்ற மருந்துகள் வந்தபின், உளநோய்க்கு அதனை வழங்குவது அருகிவிட்டது. முன்னோர் அறிந்தது பொய்யன்று. ஆயினும் அது முற்றறிவும் அன்று. மதித்துக் கேட்டவரே அவ்வேரைக் கண்டெடுத்தனர். தயங்காது சோதித்தவரே அதன் எல்லையையும் கண்டறிந்தனர். மதிப்பும் சோதனையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

நைஜீரியா 1960ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாந் தேதி சுதந்திரம் அடைந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் மாதம் ஆபிரிக்க உளநோய் வைத்தியரின் முதல் மகாநாடு அபெயொகுட்டாவிலே கூடியது. அதே காலத்தில் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் லெய்ற்றன் என்பாரும் லம்போவும் தத்தம் குழுவினருடன் யொரூபா கிராமங்களிற் சென்று ஆராய்ந்தனர். அந்த ஆராய்ச்சி 1963ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. கனடாவின் கிராமப்புறம் ஒன்றில் முன்னர் செய்த ஆராய்ச்சியோடு ஒப்பிட்டபோது, இரு மக்களிடையேயும் காணப்பட்ட உள நோய்க்குறிகள் பெரும்பாலும் ஒத்திருந்தன. ஆபிரிக்கருக்கு மனச்சோர்வு நோய் வருவதே அரிது என்று முன்னர் எழுதியோர் உண்டு. அந்நோய்க்கு யொரூபா மொழியில் ஒரு தனிப்பெயர் இல்லாதிருந்தும், அதன் குறிகள் மக்களிடையே பரவலாகக் காணப்பட்டன. பெயரில்லாமையால் துன்பமும் இல்லை என்று கொள்ளுதல் எத்துணைப் பெரும் பிழை!

லம்போ 1963ஆம் ஆண்டில் இபாதான் பல்கலைக்கழகத்தில் உளநோய் வைத்தியப் பேராசிரியரானார். 1968ஆம் ஆண்டில் அதன் உபவேந்தரானார். பின் உலக சுகாதார ஸ்தாபனத்திற் சேர்ந்து, 1973 முதல் 1988 வரை அதன் பிரதிப் பணிப்பாளர் நாயகமாக விளங்கினார். இருபதாண்டுகளுக்கு முன் ஆபிரிக்கரின் மனத்தைக் குறைவாக மதித்த நூலை வெளியிட்ட அதே ஸ்தாபனத்தின் இரண்டாம் ஆசனத்தில், அந்நூலின் கருத்தை மறுத்த ஆபிரிக்கர் ஒருவர் அமர்ந்தார். வரலாறு சிலவேளைகளில் இவ்வாறும் கணக்குத் தீர்க்கின்றது. அவர் அப்பதவியிலிருந்த காலத்திலேதான், 1978ஆம் ஆண்டில், அல்மா ஆற்றா நகரில் கூடிய சர்வதேச மகாநாடு, ஆரம்ப சுகாதார சேவையில், தேவைக்கேற்பப் பயிற்சிபெற்ற சுதேச வைத்தியருக்கும் இடமுண்டு எனப் பிரகடனம் செய்தது. லம்போ 2004ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் காலமானார்.

உலக சுகாதார ஸ்தாபனம் 1960களின் பிற்பகுதியில் ஒன்பது நகரங்களில் மனச்சிதைவு நோயைப் பற்றி ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கியது. இலண்டன், வாஷிங்ரன், மொஸ்கோ போன்ற நகரங்களோடு நைஜீரியாவின் இபாதானும் இந்தியாவின் ஆக்ராவும் அவற்றுள் அடங்கும். ஈராண்டுகளின் பின் நோயாளரை மீண்டும் பார்த்தபொழுது, இபாதானிலும் ஆக்ராவிலும் இருந்தோர் செல்வ நாடுகளில் இருந்தோரிலும் நல்ல நிலையிலே காணப்பட்டனர். காரணம் யாது என்பதில் அறிஞரிடையே இன்றும் வாதம் உண்டு. குடும்பத்தின் அரவணைப்பே காரணம் என்று முடிந்த முடிபாகச் சொல்லுதல் தகாது. ஆயினும், பணமும் கட்டடமும் மட்டும் நோயைத் தீர்ப்பன அல்ல என்பதை உலகுக்கு நினைவூட்டிய முடிவு அது.

ஆரோ கிராம முறை பின்னர் என்னவாயிற்று? அது அதே வடிவில் நீடிக்கவில்லை. வைத்தியசாலையின் உள்விடுதிகள் நிறைவெய்திப் பெருகின. நாட்டில் எண்ணெய் வருவாய் பெருகப் பெருக மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் சகோதரன் மூன்று மாதம் விடுமுறை பெற்று நோயாளியுடன் கிராமத்திற் குடியிருத்தல் எங்ஙனம்? உறவினரின் ஓய்வுநேரமே அந்த முறையைத் தாங்கிய தூண். அத்தூண் தளர்ந்தபோது கூரையும் தளர்ந்தது. ஆரோ வைத்தியசாலை பெரும் நிறுவனமாக வளர்ந்தது; கிராமங்களோ நலிந்தன.

முறை நலிந்ததே ஒழியக் கருத்து அழியவில்லை. செனெகல் நாட்டின் டாக்கர் நகரில், பான் வைத்தியசாலையில், ஹென்றி கொலொம்ப் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1950களின் இறுதி தொடங்கி, உறவினரை நோயாளியுடன் தங்கவைத்தும் அந்நாட்டுச் சுதேச வைத்தியரோடு கலந்துபேசியும் இதையொத்த பணியை நடத்தினார். கானா நாட்டில், எடின்பரோவில் வைத்தியம் பயின்ற ஓக்கு அம்போபோ, நாட்டு மூலிகைகளை ஆராய்வதற்கு மாம்பொங் எனும் ஊரில் 1975ஆம் ஆண்டில் அரசினரின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்படுவதற்குக் காரணராயிருந்தார்.

இவற்றின் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. நைஜீரியாவிலும் கானாவிலும் உளநோயாளரைச் சங்கிலியாற் பிணித்து வைக்கும் வழக்கம் நம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. சுதேச வைத்தியரின் வளவுகளிலும், பிரார்த்தனை முகாம்களிலும், சில அரச நிலையங்களிலுங்கூட அது நடந்ததென்பதை மனித உரிமை ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். பிரித்தானியர் காலத்துப் பழைய சட்டத்தை அகற்றி, உளநோயாளரின் உரிமைகளைப் பேணும் புதிய சட்டத்துக்கு நைஜீரியா 2023ஆம் ஆண்டிலேதான் அங்கீகாரம் அளித்தது. பழைமையைப் போற்றுவோர் அதன் சங்கிலியையும் போற்றுதல் ஆகாது.

இந்நிலையில் 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கருதத்தக்கது. நைஜீரியாவின் இபாதானிலும் கானாவின் குமாசியிலும், சுதேச வைத்தியரிடமும் மதவழி வைத்தியரிடமும் தங்கியிருந்த உளநோயாளர் முந்நூற்றுவருக்கு மேற்பட்டோர் இதிற் பங்குகொண்டனர். ஒரு பகுதியினருக்கு அரச சுகாதார நிலைய ஊழியர்கள் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்கே சென்று, சுதேச வைத்தியரோடு கூடிச் சிகிச்சை அளித்தனர். மறுபகுதியினர் வழக்கமான முறையிலேயே விடப்பட்டனர். ஆறு மாதங்களின் பின், கூட்டுச் சிகிச்சை பெற்றோரின் நோய் மற்றையோரினும் கூடுதலாகத் தணிந்திருந்தது. துன்புறுத்தும் வழக்கங்கள் இரு பகுதியிலும் குறைந்தன. அந்த வாயிலுக்குள் அயலார் ஒருவர் வந்து பார்ப்பதே சங்கிலியைத் தளர்த்தியிருக்கலாம். அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன் லம்போ நம்பிச் செய்த ஒன்று, இவ்வாறு எண்ணாலும் அளவாலும் சோதிக்கப்பட்டது.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? சுதேச வைத்தியம் யாவும் சிறந்தது என்பதன்று. மேனாட்டு வைத்தியம் யாவும் அந்நியம் என்பதுமன்று. நோயாளிக்கு இரண்டு தேவைகள் உண்டு. நோயைச் சரியாக அறிந்து தீர்க்கும் மருந்து ஒன்று. நோய் தீர்ந்தபின் தம்மை மனிதனாக ஏற்கும் ஊர் மற்றொன்று. மருந்தை ஆய்வுகூடம் தரலாம். ஊரை ஆய்வுகூடம் தரமுடியாது. ஊர் தரும் நம்பிக்கை பெரிது; ஆனால், அது பிழையான மருந்தைச் சரியாக்கிவிடாது. இரண்டையும் இணைக்க விழைவோர், தம் அறிவின் எல்லையைத் தாமே அறிந்திருத்தல் வேண்டும். லம்போவின் பெருமை, அவர் கற்றவற்றில் மட்டும் இல்லை. தாம் கல்லாதவற்றை வேறொருவர் அறிந்திருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்ட பணிவிலும் இருந்தது.

அவருக்குக் கட்டி முடிந்த விடுதிகள் ஆரம்பத்திலேயே கிடைத்திருந்தால், நான்கு கிராமங்களின் கதவுகள் ஒருவேளை தட்டப்படாமலே போயிருக்கும். குறையொன்று நேர்ந்தபோது அயலாரை நோக்கித் திரும்பினார். அயலாரும் கதவைத் திறந்தனர். நம் ஊர்களிலும் சித்தங்கலங்கிய ஒருவருக்காக வீட்டுப் படலை சாத்தப்படும்போது, அந்தப் பாறையடி ஊரின் கிராமத்தவரை நாம் நினைவுகூர்வோமாக. நோயாளியை வைத்தியரிடம் அனுப்புவது நம் கடமையிற் பாதி. அவர் திரும்பி வரும்போது படலையைத் திறந்து வைத்திருப்பது மற்றைப் பாதி.